ஷிஃப்ட் இல்லாத அஞ்சல்பெட்டி

நிலத்தடியில் வேலை செய்பவர் எவரிடமும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1952ஆம் ஆண்டின் இந்தியச் சுரங்கச் சட்டம் தன் 31ஆம் பிரிவில் விதித்தது. அதோடு நின்றுவிடாமல், பதிவேட்டில் ஒருவருக்குக் குறிக்கப்பட்ட நேரம் தவிர வேறு எந்த நேரத்திலும் அவரைச் சுரங்கத்தின் நிலத்தடிப் பகுதியில் இருக்க அனுமதிக்கவே கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் சுரங்கங்களில் வேலை பார்த்த தலைமுறைக்கு இந்த விதி ஏட்டில் கிடந்த வாசகம் அன்று. சங்கு ஊதியதும் 'கேஜ்' எனப்படும் தூக்குக் கூண்டில் இறங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அதே கூண்டில் ஏறி வெளியே வந்தார்கள். மேலே வந்த பிறகு பூமிக்கடியில் இருந்த பாறை அவர்களோடு, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுவரை நடந்து வரவில்லை. அந்த வேலை கொடியது, திடீர்ப் பாறை வெடிப்பும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயும் எத்தனையோ குடும்பங்களின் ஆண்களைக் கொண்டுபோயின, ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவது அநீதி. ஆனால் வேலைக்கு ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலை முதலாளியே நேரத்துக்குப் பூட்ட வேண்டியிருந்தது என்பதை மறப்பதும் சரியன்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் தங்கவயலின் வாழ்க்கை ரயில் தண்டவாளத்தின்மேல் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்தையும் பங்காரப்பேட்டையையும் இணைக்கும் கிளைப்பாதையில், முன்பு சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட அந்தப் பாதையில், கோரமண்டல் ஒரு சிறிய நிலையம். விடியுமுன் அங்கே ஏறுபவர்களில் பலர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு அன்றாடம் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். அவர்களில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் செல்பவர்கள் உண்டு, ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் கணக்கு எழுதுபவர்கள் உண்டு, வாடிக்கையாளர் சேவை மையங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் மேசைக்கு முன் அமர்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்ன இரு வகையினருக்கும் வேலை செய்யும் இடம் சட்டைப்பையிலோ கைப்பையிலோ கூடவே வருகிறது. சுரங்கத் தொழிலாளி ஷிஃப்ட் முடிந்தபின் பணியிடத்தில் இருப்பதையே சட்டம் தடுத்தது. அவருடைய பேத்தி ஷிஃப்ட் முடிந்தபின்னும் பணியிடத்தைவிட்டு வெளியேற முடியாதபடி மின்னஞ்சல் பார்த்துக்கொள்கிறது. அஞ்சல்பெட்டி நிரம்பி வழிவதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதைத் தனிமனிதரின் ஒழுங்கின்மை என்றே சொல்லி, அடுக்கிவைக்கும் உத்திகளைக் கற்பிக்கிறார்கள். உத்திகள் பயனற்றவை அல்ல. அவற்றில் சில இக்கட்டுரையிலும் வரும். ஆனால் நோயின் வேர் அடுக்காமையில் இல்லை, வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த ஷிஃப்ட் என்ற எல்லை அழிந்ததில் இருக்கிறது.

இத்தகைய பயணி ஒருவரின் உள்பெட்டியில், அதாவது வந்த அஞ்சல்கள் முதலில் விழும் இன்பாக்ஸில், ஒரு காலைப் பொழுதில் என்னென்ன கிடக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேலே, இரவு பதினொன்றரை மணிக்கு மேலாளர் அனுப்பிய 'ஜென்டில் ரிமைண்டர்', அதன் கீழே, ஒரே தலைப்பின் முன்னால் 'ஆர்ஈ' என்ற எழுத்துகள் நான்கைந்து முறை ஒட்டிக்கொண்டு நீளும் ஒரு மடல்தொடர், அதில் இருபது பேர் 'நோட்டட்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், பிறகு வங்கியின் கணக்கு அறிக்கை, அதைத் திறக்கக் கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை இடச்சொல்லும் குறிப்பு, எப்போதோ பதிந்து மறந்துபோன வேலைவாய்ப்புத் தளம் அனுப்பும் 'உங்களுக்குப் பொருத்தமான 14 வேலைகள்', துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி, தம்பியின் கல்லூரி விண்ணப்பத்துக்கு வீட்டில் வேறு யாரிடமும் மின்னஞ்சல் முகவரி இல்லாததால் இந்த முகவரிக்கே வந்த கட்டண நினைவூட்டல், காப்பீட்டுத் தவணை, உறவினர் யாரோ கேட்டதற்காக ஸ்கேன் செய்து தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட சாதிச் சான்றிதழ். இவற்றுள் ஒன்று கட்டளை, ஒன்று ஆவணம், ஒன்று விளம்பரம், ஒன்று குடும்பக் கடமை. ஆனால் திரையில் எல்லாம் ஒரே அளவுள்ள வரிகள், ஒரே தடித்த எழுத்து, ஒரே நீலப் புள்ளி. தபால்காரர் கொண்டுவந்த நாளில் பதிவுத் தபாலையும் போஸ்ட் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் கையில் வாங்கும்போதே வேறுபடுத்தி அறிய முடிந்தது. இங்கே பிரிக்கும் வேலை முழுவதும் பெறுபவரின் தலையில் விழுகிறது, அதுவும் அவர் நின்றுகொண்டே பயணம் செய்யும் நேரத்தில்.

இந்தச் சுமை புதிதன்று. கணினி வலைப்பின்னல் ஒன்றில் இருவேறு எந்திரங்களுக்கிடையே மடல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971இல் உருவாக்கினார். 1978ஆம் ஆண்டு மே மாதமே ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பர மடலைக் கேட்காமல் அனுப்பி, பின்னாளில் ஸ்பாம் என்று பெயர் பெற்ற வேண்டாத அஞ்சலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். 1982இல் கணினி அறிவியலர் பீட்டர் டென்னிங், தாம் தலைமை வகித்த கணினியியல் சங்கத்தின் இதழில், மின்னணுக் குப்பையைப் பற்றிக் கவலையோடு எழுதினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் திறந்துவிடப்பட்டது என்பதை நினைத்தால், கோரமண்டலில் ஒருவர் தம் முதல் மின்னஞ்சல் முகவரியைப் பெறுவதற்கு வெகு முன்பே அந்த முகவரி எப்படி நிரம்பும் என்பது உலகுக்குத் தெரிந்திருந்தது. 1996இல் ஸ்டீவ் விட்டேக்கரும் கேண்டஸ் சிட்னரும் வெளியிட்ட ஆய்வே 'மின்னஞ்சல் மிகைச்சுமை' என்ற கருத்தைத் துலக்கமாக விளக்கியது. கடிதப் போக்குவரத்துக்காக அமைக்கப்பட்ட பெட்டியை மக்கள் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாகவும், பழைய ஆவணங்களின் அலமாரியாகவும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள், ஒரே கருவி பல வேலைகளைச் சுமப்பதால் திணறுகிறது என்பது அவர்கள் கண்டது. மேலே சொன்ன பயணியின் பெட்டியில் சாதிச் சான்றிதழும் மேலாளரின் நினைவூட்டலும் அடுத்தடுத்துக் கிடப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை வரவில்லை.

ஒரே கருவி பல வேலைகளைச் சுமப்பது சுமைக்கு முதல் காரணம் என்றால், அனுப்புபவருக்குச் செலவில்லை என்பது இரண்டாவது காரணம், சுமையைப் பெருக்கியதில் இதன் பங்கே பெரிது. சுரங்க அலுவலகங்களில் தட்டச்சுக் கடிதங்கள் ஓடிய காலத்தில் படியெடுக்க விரும்பியவர் கார்பன் தாளை இடையில் வைத்து விசைகளை ஓங்கி அடிக்க வேண்டும். நான்கு, ஐந்து படிகளுக்கு மேல் எழுத்து மங்கிவிடும். ஆகவே யாருக்குப் படி போக வேண்டும் என்று எழுத்தர் யோசித்தாக வேண்டியிருந்தது. இன்று 'சிசி' என்ற கட்டத்தில் ஒரு குழுவின் பெயரைத் தொட்டால் அறுபது பேருக்குப் படி போய்விடுகிறது. அனுப்பியவருக்கு ஒரு நொடி, அறுபது பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கும் இந்தக் கட்டம் ஏற்ற கருவியாகிவிட்டது: 'உங்களுக்கும் மடல் வந்ததே' என்று பின்னால் சொல்லிக்கொள்ளத்தான் பல படிகள் அனுப்பப்படுகின்றன. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் அஞ்சல் சுமையைக் குறைக்க உண்மையிலேயே விரும்பினால், நேர மேலாண்மைப் பயிற்சிக்கு ஆள் வரவழைப்பதற்கு முன், யார் யாருக்கு எதற்காகப் படி அனுப்பலாம் என்று ஒரு பக்க விதியை எழுதிவைப்பது பன்மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, சேமிப்பிடம். ஹாட்மெயில் போன்ற இலவசச் சேவைகள் 1990களின் இறுதியில் ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டு மெகாபைட் இடமே தந்தன. அழிக்காவிட்டால் புது மடல் வராது என்பதால், தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அமர்ந்தவரும் கிளம்புமுன் பழையதை அழித்துவிட்டே எழுந்தார். 2004 ஏப்ரலில் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடத்தோடு வந்தபோது எதையும் அழிக்க வேண்டியதில்லை என்பதே அதன் விளம்பரமாக இருந்தது. அழிக்கும் பழக்கம் அன்றோடு போயிற்று, தேடும் பழக்கம் வந்தது.

இதனால் தீமைதான் விளைந்தது என்று சொல்ல முடியாது என்பதைத் தங்கவயலைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளைக் கொண்டே விளக்கலாம். மாவாக அரைத்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணலைச் சுரங்க நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிவந்ததில் உருவானவை அந்த மேடுகள். அவற்றில் சிறிதளவு தங்கம் இன்னும் இருக்கிறது. அக்காலக் கருவிகளால் எடுக்க முடியாததை இன்றைய முறைகளால் எடுக்கலாம் என்பதால், 13 மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. பழைய மடல்களின் நிலையும் இதுவே. விட்டேக்கரும் ஐபிஎம் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 345 பேர் பழைய மடல்களைத் தேடியெடுத்த 85,000க்கும் மேற்பட்ட செயல்களைப் பதிந்து ஆராய்ந்தது. தனித்தனி உறைகளில், அதாவது ஃபோல்டர்களில், பொறுமையாகப் பிரித்து வைத்தவர்கள் அந்த உழைப்புக்கு ஏற்ற பலனை அடையவில்லை என்றும், சொல்லைத் தட்டித் தேடுவதே விரைவான வழி என்றும் அது காட்டியது. எனவே விடுமுறை நாள் முழுவதும் உட்கார்ந்து ஆறாயிரம் மடல்களை நாற்பது ஃபோல்டர்களில் அடுக்குவது வீண் வேலை. ஆவணமாக வேண்டியவை தேடினால் கிடைக்கும். 'பிஎஃப்', 'பே ஸ்லிப்', 'பாலிசி' என்று ஒரு சொல் நினைவிருந்தால் போதும்.

ஆனால் மேடு ஊருக்கு வெளியே இருக்கிறவரைதான் அது சேமிப்பு. காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டுத் தூசி லைன் வீடுகளின் ஜன்னல்களுக்குள் வந்து தண்ணீர்ப் பானையிலும் உலர்த்திய துணியிலும் படிவதைத் தங்கவயலில் வாழ்ந்தவர் எவரும் அறிவர். உள்பெட்டியிலேயே விடப்பட்ட பழைய மடல்கள் அப்படித்தான் அன்றாடம் கண்ணில் விழுகின்றன: ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் முடிந்துபோனவையும் முடியாதவையும் கலந்தே தெரிவதால், ஏற்கெனவே எடுத்த முடிவை மனம் மறுபடி எடுக்க நேர்கிறது. இதற்கான தீர்வு அழிப்பதும் அன்று, அடுக்குவதும் அன்று. 'ஆர்க்கைவ்' என்ற பொத்தான். அது மடலை அழிக்காமல் உள்பெட்டியிலிருந்து மட்டும் அகற்றி, தேடினால் கிடைக்கும் பெருங்கிடங்கில் போட்டுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு முந்திய எல்லா மடல்களையும் ஒரே முறை தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்துவிட்டால், பல ஆண்டுச் சுமை சில நிமிடங்களில் கண்ணைவிட்டு அகன்றுவிடும். அப்படிச் செய்யப் பலர் அஞ்சுவது, ஏதோ ஒன்று அழிந்துவிடும் என்ற எண்ணத்தால். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

விளம்பர மடல்களை நிறுத்துவதும் முன்போலக் கடினமன்று. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரமும் அதற்கு மேலும் மடல் அனுப்பும் நிறுவனங்கள், ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும் விலகக் கேட்டவரை இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்றும் 2024 முதல் கூகுள் விதித்துள்ளது. மடலின் மேற்பகுதியில் அனுப்புநர் பெயருக்கருகே வரும் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் அதற்கானது. முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் மோசடி மடலின் உள்ளே இருக்கும் அதே பெயருள்ள இணைப்பைத் தொடுவது மட்டும் கூடாது. முகவரி உயிரோடு இருக்கிறது என்று அது மோசடிக்காரருக்குச் சொல்லிவிடும்.

எத்தனை முறை பார்ப்பது என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை நுணுக்கமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாடின் குஷ்லேவும் எலிசபெத் டன்னும் 2015இல் வெளியிட்ட சோதனையில், 124 பேர் ஒரு வாரம் ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சலைப் பார்த்தார்கள், மற்றொரு வாரம் விரும்பிய போதெல்லாம் பார்த்தார்கள்; கட்டுப்படுத்திய வாரத்தில் அவர்களின் மன அழுத்தம் குறைவாக இருந்தது. ஆய்வாளர் குளோரியா மார்க்கின் குழுவினர் 2012இல் பதின்மூன்று பேரை ஐந்து வேலைநாட்கள் மின்னஞ்சலே இல்லாமல் இருக்கச் செய்து இதயத் துடிப்பை அளந்தபோதும் அழுத்தம் தணிந்திருந்தது, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் குறைந்திருந்தது. ஆனால் அதே மார்க் 2016இல் நாற்பது பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், மடல்களைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் பார்ப்பவர்கள் தங்கள் வேலை நன்றாக நடப்பதாக உணர்ந்தாலும், அதனால் மன அழுத்தம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மொத்தத்தில் அஞ்சலோடு கழியும் நேரம் கூடக் கூட அழுத்தம் கூடியது. நேரத்தை மாற்றி அமைப்பது ஓரளவே உதவும், அளவையே குறைக்காமல் நிம்மதி இல்லை என்றே இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது.

அளவைக் குறைக்கும் உரிமை எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதுதான் இந்த ஆய்வுகளைத் தமிழில் சொல்லும்போது அழுத்திச் சொல்லப்பட வேண்டியது. கணினி அறிவியலின் பேரறிஞர் டொனால்ட் க்னூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். அவருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துத் தர ஒரு செயலர் இருந்தார், அவருடைய அமைதி நூல்களாகப் பலனளித்தது, அது போற்றத்தக்க முடிவு. ஆனால் வாடிக்கையாளரின் புகார் மடலுக்கு இத்தனை நிமிடங்களுக்குள் பதில் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும் இருபத்து நான்கு வயதுப் பெண், நாளைக்கு மூன்று முறைதான் பார்ப்பேன் என்று சொன்னால் வேலை போய்விடும். பதவி உயர உயர மடலைப் புறக்கணிக்கும் உரிமை உயர்கிறது. கீழே இருப்பவர் உடனடிப் பதிலால்தான் தம் உழைப்பைக் காட்ட முடிகிறது. மேலாளர் நள்ளிரவில் தம் வசதிக்காக எழுதும் ஒரு வரி, கீழே உள்ளவருக்கு வேலைநேரமாக மாறிவிடுவது இதனால்தான்.

கோரமண்டலிலிருந்து போய்வருபவருக்கு இந்தச் சமமின்மை இரட்டிப்பாகிறது. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் கழிகிறது. அந்த நேரம் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் வேலை நேரமாகச் சேர்வதில்லை, ஆனால் கைபேசி இருப்பதால் அந்த நேரத்தில் மடல் பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும் சேர்ந்துவிடுகிறது. பயண நேரத்தில் உள்பெட்டியைக் காலி செய்துவிட்டால் அலுவலகத்தில் நுழையும்போது மேசை சுத்தமாக இருக்குமே என்று அறிவுரை சொல்பவர்கள், அந்தப் பயணி நான்கு மணிக்கு எழுந்தவர் என்பதையும், அவர் அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்குவதே உடலுக்குச் செய்யும் நியாயம் என்பதையும் எண்ணுவதில்லை. காலை ரயிலில் மடல் பார்க்கத்தான் வேண்டுமெனில், பெங்களூரை நெருங்கும்போது ஒரு முறை, அன்றைக்கு எது அவசரம் என்று அறியும் அளவுக்கு மட்டும் பார்த்து, எதற்கும் பதில் எழுதாமல் மூடிவிடுவது நல்லது. நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டிய பதில் பெரும்பாலும் இன்னொரு விளக்க மடலையே பெற்றெடுக்கும். மாலை ரயில் வேறு. அதில் அலுவலக மடலைத் திறக்கவே கூடாது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து. அறிவிப்பு ஒலியை அலுவலகக் கணக்குக்கு மட்டும் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை அடக்கிவைக்கக் கைபேசிகளில் வசதி இருக்கிறது. உண்மையிலேயே அவசரமானால் தொலைபேசியில் கூப்பிடுங்கள் என்று மேலாளரிடம் ஒரு முறை பணிவாகச் சொல்லிவைத்தால், அழைப்புகள் எவ்வளவு அரிதாக வருகின்றன என்பதிலிருந்தே அவசரம் என்று சொல்லப்பட்டவற்றின் உண்மை தெரிந்துவிடும்.

வேலை தேடுபவரின் பெட்டி வேறு வகையான ஆபத்தைச் சுமக்கிறது. அவருக்கு வரும் நூறு மடல்களில் ஒன்றே நேர்காணல் அழைப்பு. அது தானியங்கி வடிகட்டியால் 'ப்ரமோஷன்ஸ்' என்ற விளம்பரப் பிரிவிலோ ஸ்பாம் உறையிலோ விழுந்துவிடலாம், ஸ்பாமில் விழுந்தது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். இன்னொரு கண்ணி பலருக்குத் தெரிவதே இல்லை: கூகுள் தரும் பதினைந்து கிகாபைட் இலவச இடம் மடல், கோப்புகள், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொது, அக்காள் கல்யாணத்து வீடியோக்கள் கைபேசியிலிருந்து தாமாக அங்கே ஏறி இடத்தை நிரப்பிவிட்டால், புது மடல்கள் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வேலை விண்ணப்பத்துக்கென்று தனி முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கடைகளிலும் விளையாட்டுச் செயலிகளிலும் கொடுக்காமல் காப்பதே இதற்கு எளிய வழி. முன்பணம் கட்டினால் வேலை உறுதி என்று பெரிய நிறுவனங்களின் பெயரில் வரும் போலி நியமன மடல்கள், நிரம்பி வழியும் பெட்டியில்தான் எளிதாக வெல்கின்றன. ஓடுகிற ஓட்டத்தில் அனுப்புநரின் முழு முகவரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேலை தருகிறவர் பணம் கேட்க மாட்டார் என்ற ஒரு விதியே அந்த மடல்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடும்.

மூத்தவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். வங்கியும் பாஸ்போர்ட் அலுவலகமும் வருமான வரித்துறையும் முகவரி கேட்பதால், சுரங்கத்தில் வேலை பார்த்த முதியவர்களுக்கு மகனோ பிரவுசிங் சென்டர்காரரோ ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கிறார்கள். அதைப் பிறகு எவரும் திறப்பதில்லை, கடவுச்சொல் தொடங்கியவரோடு போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்திவருகிறது. ஆகவே தாத்தாவின் கணக்கை அவ்வப்போது திறந்து பார்ப்பதும், கடவுச்சொல்லையும் மீட்புக்கான கைபேசி எண்ணையும் ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் தாளில் எழுதிவைப்பதும், அவருக்கு வந்ததை அவரிடமே படித்துச் சொல்வதும் வீட்டிலுள்ள இளையவர்களின் கடமை. பிள்ளைகளின் பெட்டி நிரம்பி வழிவதாலேயே பெரியவர்களின் பெட்டி திறக்கப்படாமல் கிடக்கிறது.

இவ்வளவும் தனியாள் செய்யக்கூடியவை. ஷிஃப்டின் எல்லையைத் தனியாளால் மீட்க முடியாது, அது சுரங்கத்திலும் தனியாளால் கிடைக்கவில்லை. சட்டமும் தொழிற்சங்கமும் சேர்ந்துதான் அதைப் பெற்றுத் தந்தன. வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத் தொடர்பை மறுக்கும் உரிமையைப் பிரான்சு 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில். இந்தியாவில் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாக 2018 டிசம்பரில் அதைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. கர்நாடகத்தில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. நிலையாணைகள் எனப்படும், வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றை எழுத்தில் வரையறுக்கக் கோரிய 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தரப்பட்ட விலக்கு 2024இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் பேசப்பட்டபோது கர்நாடக ஐடி ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பதினான்கு மணி நேர வேலையும் கோரமண்டல் ரயிலில் போக வர ஐந்து மணி நேரமும் கழிந்தால் ஒரு நாளில் ஐந்து மணி நேரமே மிஞ்சும்; அதற்குள் சோறும் குளியலும் குழந்தையும் தூக்கமும் அடங்க வேண்டும், அந்த ஐந்திலும் மடல் வரும்.

சுரங்கத்தில் இருந்த ஷிஃப்ட் போன்ற எல்லையை மின்னஞ்சலுக்கும் போட முடியும் என்பதற்கு ஜெர்மனியில் எடுத்துக்காட்டு உண்டு. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் ஊழியர் மன்றத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2011இன் இறுதியில், ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஊழியர்களின் நிறுவனக் கைபேசிகளுக்கு ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் மடல் போவதை நிறுத்தி, அடுத்த ஷிஃப்ட் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது மீண்டும் திறந்துவிடும்படி தன் சர்வர்களை அமைத்தது. மடல் பார்க்காதே என்று ஊழியருக்கு அறிவுரை சொல்லவில்லை, மடல் போகும் வழியை நிறுவனமே பூட்டியது. தொலைபேசி அழைப்பு அனுமதிக்கப்பட்டது. உயர்நிலை மேலாளர்கள் இந்த உடன்பாட்டில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் இரவில் எழுதிக்கொண்டிருக்கலாம், எழுதியது காலைவரை சர்வரிலேயே காத்திருந்தது.